மூணு தரம் முடியறதுக்குள்ள

அம்மா, ஒனக்கும் நைனாவுக்கும் பவானியோட கும்புடு. நைனாவுக்கு முட்டி வலி இன்னமும் கீதா? தைலம் தீந்துட்டா சொல்லு. புனேல நான் நல்லாத்தான் கீறேன்.

ஆபீஸ்ல சின்ன ரகளை, பயப்படாத. எங்க சாப்ட்வேர்ல பழைய லாரிங்க ஏலம் போவுது. பத்து மணிக்கு முடியணும். அரை செகண்டுகூட மிச்சமில்லாத நேரத்துல ஒரு டிரைவரு வெலை ஏத்திக் கேட்டாரு. எங்க டேட்டாபேஸ்ல நேரம் எழுதற எடத்துல முழு செகண்டுதான் நிக்கும், அரைக்கு மேல போனா அடுத்த செகண்டா அது ரவுண்டு பண்ணிடும். அவரு கேட்டது பத்து மணின்னு பதிவாச்சு. லேட்டுன்னு தள்ளிட்டாங்க. மைக்ரோசெகண்டு வரைக்கும் வைங்கன்னு மொதல்லியே தலபாடா அடிச்சுக்கினேன். எடம் வேஸ்டுன்னாங்க.

இப்ப மேனேஜரு, "நீங்கதான் லேட்டுன்னு அந்தாளுக்கு மெயில் போடு"ன்றாரு. "நீங்க நேரத்துக்குத்தான் கேட்டீங்க, தப்பு எங்க டேட்டாபேஸ்ல"ன்னு போட்டுட்டேன். கொக்கிலமேட்டுக் கரையில மீன் ஏலம் கூவறப்ப, நீ மூணாம் தரம் சொல்லி வாய மூடறதுக்குள்ள எவ கேட்டாலும், மீன அவ கூடையிலதான கொட்டுவ? ஒன் பொண்ணு வேற எப்புடி இருப்பா?

வேலை போனா போவட்டும். பக்கத்துல சிறுசேரி கம்பெனிக்கே வந்துடுன்னு மட்டும் ஆரம்பிக்காத. அந்த டிரைவருக்கு லாரி கெடைக்காம நான் நகர மாட்டேன்.

நெத்திலிக் கருவாடு அனுப்பு. மத்தியானம் இப்பல்லாம் எங்கூட யாரும் ஒக்கார்றதில்ல, நாத்தம்னு மூஞ்ச சுளிக்க ஆளே கெடையாது.

மேனேஜரு கூப்புடறாரு, போறேன். இன்னோண்ணு. இது கெடச்ச மறுநாளு ஏலம் கூவறப்ப, எனக்குப் போன் போட்டு அப்புடியே கூடையில வச்சுடு. நான் பேச மாட்டேன். மூணாம் தரம் வரைக்கும் ஒன் கொரல கேக்கணும், அவ்ளோதான்.