புதிதாய் வருகிறவர்களுக்கு எந்தப் பதிப்பு

திண்டிவனம்
9.6.2018

அன்புள்ள அருணா,

அச்சுக்குப் போகவிருக்கும் உன் புத்தகப் பக்கங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் விழுப்புரத்திலிருந்து ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். போனில் பேசினால் நீ என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றுப் படிப்பை நிறுத்தியிருந்த எனக்குப் பைத்தான் நிரல்மொழி கற்றுத்தந்தவள் நீ. இன்று நான் பதினொரு பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன் என்றால் அது நீ போட்ட சோறு. அதைச் சாப்பிட்ட வாயாலேயே சொல்கிறேன்: புத்தகத்தை இப்படியே அச்சுக்குக் கொடுக்காதே.

நேற்று வகுப்பில் உன் பக்கங்களை வைத்துப் பெயர்ப்பட்டியல் பாடம் நடத்தினேன். கெடாரிலிருந்து வரும் அம்சா தன் பெயரைத் தமிழில் அடித்து ஓட்டினாள். பெயர் வரவில்லை. சாய்கோடும் எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு வரி வந்தது.

"இன்னாக்கா, எம் பேரு அதுக்குப் புடிக்கலியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு வழி பதினான்காம் பாடத்தில் வரும் என்றேன். இன்று அவள் வரவில்லை. "இதெல்லாம் இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு, நான் மல்லாட்டை பிடுங்கப் போறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதே நிரலைப் பைத்தானின் மூன்றாவது பதிப்பில் ஓட்டினேன். அம்சா என்றே வந்தது.

உன் புத்தகம் முழுக்கச் சொல்லித்தருவது இரண்டாவது பதிப்பு. 2020 பிறந்தால் அதைப் பராமரிக்க மாட்டோம் என்று உருவாக்கியவர்களே சொல்லிவிட்டார்கள். கோபித்துக்கொள், பரவாயில்லை. யோசித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

உன்
ஞானமேரி

விழுப்புரம்
14.6.2018

ஞானமேரிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு வருடம் ஞாயிறுகூடப் பாராமல் எழுதிய புத்தகம் அது. எங்கள் ஆபீசில் இன்னமும் இரண்டாவது பதிப்புதான் ஓடுகிறது. ஒருத்தியின் பெயர் சரியாக வரவில்லை என்று இருநூறு பக்கத்தையும் கிழித்துப்போடச் சொல்கிறாயா? அச்சகத்தில் பாண்டுரங்கன் காத்திருக்கிறார். வகுப்பில் நீ எதை வேண்டுமானாலும் நடத்து. புத்தகம் இப்படியேதான் வரும்.

அருணா

திண்டிவனம்
18.6.2018

அன்புள்ள அருணா,

நேற்று கெடாருக்குப் போயிருந்தேன். கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கொல்லையிலேயே லேப்டாப்பைத் திறந்து அம்சாவிடம் கொடுத்தேன். மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடித்தாள். தன் பெயரைப் பார்த்தவள், அம்மா பெயர், அண்ணி பெயர் என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனாள். "நாளிக்கு வர்றேங்க்கா" என்றாள்.

உங்கள் ஆபீசில் ஓடும் பதிப்பு ஒரு பழைய வீடு மாதிரி. குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. புதிதாய்க் குடித்தனம் வருகிறவளை இடிக்கப்போகிற வீட்டில் ஏன் வைக்கவேண்டும்?

புத்தகம் வந்தால் முதல் பிரதியை நான் வாங்குவேன். உன்னால்தான் ஆளானேன் என்று யாரிடமும் சொல்வேன். ஆனால் வகுப்பில் அதைக் கொடுக்க மாட்டேன்.

என்றும் உன்
ஞானமேரி

விழுப்புரம்
2.7.2018

என் அன்பு மேரி,

பதில் போடாமல் இருந்ததை மன்னித்துக்கொள். வீம்புக்காகத்தான் மூன்றாவது பதிப்பை நிறுவி, என் புத்தகத்தை அதில் ஓட்டிப் பார்த்தேன். முதல் பாடத்தின் முதல் வரியே பிழை என்றது. 'வணக்கம்' சொல்லும் வரி! காரணம் எனக்குத் தெரியும்; அச்சிடும் கட்டளைக்குப் புதிய பதிப்பு அடைப்புக்குறி கேட்கிறது. நாளைக்கு அதை வாங்குகிறவளுக்குத் தெரியாது. தனக்கு மூளை இல்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுவாள்.

மறுநாளே அச்சகத்துக்குப் போய் நிறுத்தச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பாண்டுரங்கன், "மிசின்ல ஏத்தறதுக்கு மின்னாடி ஜல்தியா வந்து சொன்னீங்களே, அதுவே போதும்மா" என்றார்.

அந்தப் பக்கங்களை இங்கே எத்தனையோ பேரிடம் கொடுத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நீ ஒருத்திதான் படித்தாய். என் மனம் நோகும் என்று தெரிந்தும் சொன்னாய். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, மேரி.

மூன்றாவது பதிப்புக்கு முதலிலிருந்து எழுதப்போகிறேன். ஆனால் புதிதாய் வருகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருக்கிறது. சனிக்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறேன். உன் வகுப்பில் கடைசி வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவை. நான் யார் என்று அவர்களிடம் சொல்லாதே. புதிதாய்ச் சேர்ந்தவள் என்று மட்டும் சொல்.

உன்
அருணா