ஜீப்பின் முகப்பு மாலை

மாசி அமாவாசைக்கு மறுநாள், இரவு.

கன்று ஈன முடியாமல் பசு தவிக்கிறது என்று தோட்டத்திலிருந்து போன் வந்தது. மாட்டு டாக்டரை எங்கள் பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். நொய்யல் ஆற்று மணலில் இறங்குமுன் என் வீட்டுக்காரர் டயர்களில் காற்றைக் குறைத்தார், மெதுவாகத்தான் ஓட்டினார். இருந்தும் நடுமணலில் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது.

டாக்டர் இறங்கிப் பார்த்தார். "ரேடியேட்டருக்குக் காத்தே போகாம மாலை அடைச்சுட்டு இருக்குதுங்க."

நேற்றைய பூசைக்கு அந்தச் செவ்வந்தி மாலையை ஜீப் முகப்பில் அடர்த்தியாகக் கட்டியது நான். காலையில் இவர் அவிழ்க்கப் போனபோது, "சாமிக்குப் போட்டதுங்க, இருக்கட்டும்" என்று தடுத்ததும் நான்.

நாங்கள் நடந்து போய்ச் சேருவதற்குள் கன்று வயிற்றிலேயே இறந்துவிட்டது. அவிழ்த்த மாலையை இவர் கையோடு கொண்டுவந்திருந்தார். கன்றைப் புதைத்த குழிமேல் அதைப் போட்டார்.

தோட்டத்திலேயே தங்கிவிட்டோம். பசு இன்னும் கத்துகிறது. இவரும் தூங்கவில்லை. என்னைத் திட்டியாவது இருக்கலாம்.