கரும்பு கடிக்கிற பல்

1946 பிப்ரவரி 6, புதன்

காலையில் பல் விளக்கித் துப்பினால் சிவப்பாக வந்தது. இன்று நேற்றல்ல, பொங்கல் கழிந்ததிலிருந்தே இப்படித்தான். கீழ்வரிசை முன்பல் இரண்டும் நாக்கால் தள்ளினால் அசைகின்றன. எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது!

ஓரகத்தி தாட்சாயிணிக்கும் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. நாற்றம் தெரியாமலிருக்கக் கிராம்பை மென்றுகொண்டே திரிகிறாள். இரண்டு மருமகள்களுக்கும் ஒரே சமயத்தில் வந்ததால் அத்தைக்கு எங்கள் வெற்றிலைப் பெட்டியின் மேல் சந்தேகம்.

அவரிடமிருந்து கடிதம் வந்தது. பஸ்ராவுக்குப் பட்டாளத்து லாரி ஓட்டப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அடுத்த பொங்கலுக்குள் அனுப்பிவிடுவார்களாம். “கரும்பை நீதான் உரித்துத் தர வேண்டும், கத்தியால் அல்ல” என்று எழுதியிருக்கிறார். கல்யாணமான முதல் பொங்கலில் தொடங்கிய வழக்கம். அவர் பல்லால் உரித்தால் உதடு கிழியும். நான் சரசரவென்று தோலை இழுத்து, துண்டு துண்டாகக் கடித்து அவர் கையில் வைப்பேன். கொல்லையில் நாங்கள் இருவர் மட்டும்தான்—

பல் ஆடுகிறது என்று பதில் எழுதுவதா? “சௌக்கியம்” என்று எழுதினேன்.

பிப்ரவரி 20, புதன்

கொழுந்தனார் எங்கள் இருவரையும் ஆவடியில் ரயில் ஏற்றி, பட்டணத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். பயோரியா என்றார் டாக்டர். பல்லோரம் காரை படிந்து ஈறுக்கு உள்ளே சீழ் கட்டியிருக்கிறதாம். வளைந்த கம்பியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினார். என் முறை வந்தபோது தாட்சாயிணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், என் நகம் நாலும் அவள் கையில் பதிந்துவிட்டன.

வாய் கொப்புளிக்க ஊதா மருந்து கொடுத்தார். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு.

மார்ச் 13, புதன்

தாட்சாயிணிக்கு ரத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்து இளித்துக்கொண்டே இருக்கிறாள். கொழுந்தனார் ஏதோ சொன்னதற்கு வாயைப் பொத்தாமல் சிரித்தாள். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். அவளுக்குச் சிரித்துக் காட்ட ஆள் பக்கத்திலேயே இருக்கிறது.

எனக்குச் சீழ் நிற்கவில்லை. சர்க்கரை வியாதி இருந்தால் ஈறு சீக்கிரம் ஆறாதாம். வருகிற புதன்கிழமை காலைச் சிறுநீரைப் புட்டியில் பிடித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெட்கக்கேடு! ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது?

ரத்தம் போன உடம்பு என்று அத்தை இரண்டு வேளையும் வெல்லம் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ரவிக்கை வேறு தொளதொளவென்று ஆகிவிட்டது.

மார்ச் 20, புதன்

இன்று பார்த்து வீட்டுக்கு விலக்காகிவிட்டேன். மூன்று நாள் கொல்லை அறையில்தான். பட்டணம் போவது எப்படி? இந்த நாளில் பிடித்ததை ஆண் டாக்டரிடம் எப்படிக் கொடுத்தனுப்புவது?

தாட்சாயிணி எட்ட நின்று, “இன்னாக்கா யோசிச்சிகினு கீறே? ஒரே பானைச் சோறு துன்றோம், ஒரே கெணத்துத் தண்ணி குடிக்கிறோம். என்து மட்டும் வேறயாவா இருக்கப் போவுது?” என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவளுடையதைப் பிடித்து, “வரலட்சுமி” என்று என் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு கொழுந்தனாரோடு போனாள்.

சர்க்கரை இல்லையாம். அந்தச் சந்தோஷத்தில் அத்தை கூழில் இன்னும் ஓர் அச்சு வெல்லம் போட்டார்.

ஏப்ரல் 3, புதன்

ஆடிய இரண்டில் ஒன்றை டாக்டர் பிடுங்கிவிட்டார். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, டிரங்குப் பெட்டியில் அவர் கடிதங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எதற்கு? தெரியவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பிடுங்கிய இடம் ஆறவில்லை. தாடை வீங்கி ஜுரம். இந்த முகத்தோடா அவர் முன்னால் போய் நிற்கப் போகிறேன்?

ஏப்ரல் 11, வியாழன்

கொல்லை பெருக்க வரும் பொன்னியம்மா என் கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “யம்மா, கோச்சிக்காத. நீ ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொச்சிகினு கீது. எங்க மாமியாளுக்கும் சக்கர வியாதில இப்டித்தான் இருந்திச்சு. கால்ல வந்த புண்ணு ஆறாமயே செத்துப் பூட்சி அது.”

அடிப்பாவி வரலட்சுமி, இன்னா காரியம் பண்ணிட்ட!

தாட்சாயிணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். “நான்தான் உன்னக் கொன்னுட்டேன்க்கா.”

“இன்னும் சாவலடி. நாளைக்குக் காலம்பர ரயிலுக்குப் போவணும். எந்திரி.”

ஏப்ரல் 12, வெள்ளி

நடந்ததை டாக்டரிடம் நானே சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இருவரையும் தனித்தனிப் புட்டியில் பிடித்துவரச் சொன்னார். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார். தாட்சாயிணியுடையது நீலமாகவே நின்றது. என்னுடையது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தது.

“பானை ஒண்ணுதாம்மா. உடம்பு ரெண்டு” என்றார்.

இனி தினமும் இன்சுலின் ஊசி. சர்க்கரை இறங்கிய பிறகுதான் ஈறில் கை வைப்பாராம். அப்போதும் ஆறாவிட்டால் எல்லாப் பல்லையும் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். எல்லாப் பல்லையுமா? ரயிலில் வழி முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அம்பத்தூர் வந்தபோது தாட்சாயிணி என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தள்ளிவிட மனம் வரவில்லை.

மே 5, ஞாயிறு

ஆவடிக் கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறார். சோறு ஒரு பிடிதான். அத்தை வெல்லப் பானையை எங்கேயோ ஒளித்துவிட்டார். “நான்தானே கரைச்சிக் கரைச்சி ஊத்தினேன்” என்று மூக்கைச் சிந்துகிறார். அவரைத் தேற்றுவதே எனக்குத் தனி வேலையாகிவிட்டது.

ஜூன் 19, புதன்

மறுபடியும் சுரண்டினார். அதே கம்பி, அதே ஊதா மருந்து. தாட்சாயிணி கேட்காமலே கையை நீட்டினாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று துப்பியது வெள்ளையாக இருந்தது.

அக்டோபர் 16, புதன்

ஆடிய மற்றொரு பல் ஈறோடு ஒட்டிக்கொண்டது. தாட்சாயிணிக்கு மூன்று வாரத்தில் ஆனது எனக்கு எட்டு மாதம் பிடித்தது. ஊசியை விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

பஸ்ராவில் இருக்கும் அவருக்கு உண்மையை எழுத உட்கார்ந்து மூன்று காகிதம் கிழித்தேன். நாலாவதில் “சௌக்கியம்” என்று எழுதினேன். எனக்கு அவர் வேண்டும். வந்து எதிரே நின்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

வந்துவிட்டார்! ஆவடி ஸ்டேஷனில் இறங்கியதும் என்னைத்தான் தேடினார். கறுத்து, காதோரம் நரைத்து, ஆனால் அதே நடை.

வீட்டில் அவர் முதலில் திறந்தது ஒரு மரப்பெட்டி. நிறையப் பேரீச்சம்பழம். ஒன்றை எடுத்து என் வாயருகே கொண்டுவந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். கோபம் என்று நினைத்துவிட்டார்.

கோபமா! அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புட்டி, எறும்பு, ஊசி, ஒன்றையும் விடவில்லை.

“சௌக்கியம் சௌக்கியம்னே எழுதிகினு இருந்தியே” என்றார். பிறகு, “வாயத் தெற” என்றார். வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணுதானே பூட்சி.” அவ்வளவுதான் சொன்னார். பழத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினார்.

கரும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

1947 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. எனக்கு மட்டும் வெல்லம் கலக்காத சோறு. படைத்து முடித்ததும் கொல்லைக்குப் போனேன். அவர் ஒரு கரும்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கத்தி. என்னைப் பார்த்ததும், “கத்தியாலயே சீவிக்கிறேன், இன்னா இப்போ” என்றார்.

கத்தியை எடுத்து வேலிப் பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முன்பல்லை நம்பவில்லை, கடைவாயில் கொடுத்து இழுத்தேன். தோல் சரசரவென்று வந்தது. ஒரு துண்டு கடித்து அவர் கையில் வைத்தேன். வாயில் இறங்கிய சாற்றைத் துப்பிவிட்டுச் செம்புத் தண்ணீரில் கொப்புளித்தேன். துப்பியதில் சிவப்பு இல்லை.

அவர் மெல்லாமல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “துன்னு” என்றேன். தின்றார்.

நாக்கால் கீழ்வரிசையைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் அதற்குள் கையை நீட்டி, “இன்னொண்ணு” என்றார்.