மழையில் பால் வெட்டப் போனவள்

செவ்வாய்க்கிழமை.

பிறையில் இருக்கும் ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்யும் சரோஜா அக்காவிடம் மத்தியானம் என் பேய்க்கதையைக் கொடுத்தேன். ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவர். கதையில் சம்பவமே கிடையாது. கொட்டும் மழை, ரப்பர் மரங்கள், வாளியோடு அந்த மரங்களில் பால் வெட்டப் போகும் ஒரு பெண். சூழல் போதும், சம்பவம் எதற்கு என்று வாய் கிழியப் பேசியவன் நான்.

“மழையில யாரும் பால் வெட்டப் போக மாட்டாங்க லா, தம்பி. பால்ல தண்ணி கலந்துடும்,” என்றார் படித்துவிட்டு.

டவுனில், டத்தோ கிராமாட்டில் பிறந்த எனக்கு அது எப்படித் தெரியும்? திருத்திவிடுகிறேன் என்றேன்.

“திருத்தாத. எங்கம்மா அப்படித்தான் போனாங்க, திரும்பி வரல. எனக்கு ஆறு வயசு. வாளிய எடுத்துக் கொடுத்ததே நான்தான்.”

டிபன் பாக்ஸை மூடிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.