சீனி கூடிய போத்தல்கள்

பலெர்மோ, இத்தாலி

அன்பு மகன் ஜெனிஸ்டனுக்கு,

நீயும் மருமகளும் சின்னவனும் லண்டனில் நோய்நொடியில்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் உடம்புக்குச் சுகம், மனதுக்குத்தான் இல்லை. போனில் சொல்ல வெளிக்கிட்டால் அழுதுவிடுவேன், அதுதான் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு வந்த நீ, சின்னவனின் ஞானஸ்நான விருந்துக்கென்று வீட்டிலேயே பியர் காய்ச்சி வாளியில் புளிக்கவிட்டு, போத்தலில் அடைக்கும் வேலையை அப்பாவிடம் விட்டுப் போனாய். இங்கத்தைய புனிதை சந்தா றொசாலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறி நேர்ந்து குடியை விட்ட மனிசனை அந்த வாளிக்குக் கிட்ட விட எனக்குப் பயம். நீங்கள் தள்ளி நில்லுங்கோ என்று சொல்லி நானே குழாய் வைத்து வடித்து மூடி அடித்தேன். நுரை வர, போத்தலுக்குச் சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி சீனி என்று நீ சொல்லியிருந்தாய். ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன், ஒரே கசப்பு. கோயில் பெருநாளுக்கு இஞ்சிச் சர்பத் போடுகிற கை சும்மா இருக்குமா, பெரிய கரண்டியால் அள்ளிப் போட்டேன்.

போன ஞாயிறு நான் பூசையால் வர, அப்பா நனைந்துபோய் சமையலறையில் நிற்கிறார், உடம்பெல்லாம் பியர் மணம், தொட்டி நிறைய வெறும் போத்தல். நான் ஒன்றும் கேட்கவில்லை மகன். உடனே உனக்கு போன் எடுத்து, கொப்பர் எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிட்டார் என்று கத்தினேன். நீயும் அவரோடு கதைத்து, இனிப் பலெர்மோவுக்கு வரமாட்டன், ஞானஸ்நானத்தை இங்கேயே வைக்கிறன் என்றாய். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் குப்பையில் உடைந்த கண்ணாடியும் சிவந்த துணியும் கண்டேன். சீனி கூடி உள்ளே காற்று முட்டி, நான் அடைத்த போத்தல்கள் வெடித்திருக்கின்றன. மிச்சமும் வெடித்துவிடுமென்று ஒவ்வொன்றாய் துவாயில் சுற்றி, திறந்து ஊற்றியிருக்கிறார். உள்ளங்கையில் நல்ல வெட்டு. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "சீனி கூடிப்போச்சு எண்டால் அவன் உன்னை ஏசுவான். என்னை ஏசி அவனுக்குப் பழக்கம்தானே" என்றார்.

அவர் குடிக்கவில்லை மகன், ஒரு சொட்டும் இல்லை. பிழை முழுக்க என்னுடையது. ஞானஸ்நானத்தில் சின்னவனைத் தூக்கிப் பிடிக்க அவர் தைக்கக் கொடுத்த கோட்டு இன்னும் கடையில்தான் கிடக்கிறது.

அங்கே இன்னும் குளிராம், பிள்ளைக்குத் தொப்பி போட்டுவிடு. மாதா உங்களைக் காப்பாளாக. இதை வாசித்ததும் எனக்கு அல்ல, அப்பாவுக்கு போன் எடு. சாப்பிடும்போதும் அதைக் கைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்.

உன் அம்மா,
எமிலியானா