உன் ஜன்னலில் என் தும்மல்

மார்ச் 9, ஞாயிறு, சாயங்காலம்

அன்புள்ள ஊசிக்கு,

அக்கா எழுதுகிறேன். வழக்கம்போலக் காகிதத்தில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். இதையெல்லாம் ஒற்றை விரலால் தட்டி முடிக்க எனக்கு இன்னொரு பிறவி வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், திட்டாதே. இன்று காலை நம் பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர்கள் கம்ப்யூட்டரில் நடத்திய மாநாட்டில், வாத்துப் படம் போட்ட நைட்டியோடு எழுந்து நின்றது நான்தான்.

"வராதக்கா, உனக்கு போரடிக்கும்" என்று நீ சொன்னாய். தங்கச்சி உலகச் சவால்களைப் பற்றியும் வெளிநாட்டு வேலைகளைப் பற்றியும் பேசப்போகிறாள், அக்கா வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதா? நானும் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தானே. அதிலும் மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை, ருசி பார்த்துப் படித்தவள்.

மகள்தான் என் பெயரைப் பதிந்து கொடுத்தாள். "என்ன துறைன்னு கேக்குதும்மா" என்றாள். "பழைய இரும்புக் கடைன்னு போடு" என்றேன். அவள் "மறுசுழற்சித் துறை" என்று போட்டுவிட்டாள். கூட்டம் தொடங்கினதும் டை கட்டின சங்கத் தலைவர், "நம்மிடையே மறுசுழற்சித் துறை நிபுணர் ஒருவரும் இருக்கிறார்" என்று எனக்குத் தனியாக ஒரு வணக்கம் வைத்தார். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த உன் மாமா, "யாரு அந்த நிபுணர்?" என்று எட்டிப் பார்த்தார். நான்தான் என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு வியாபாரத்துக்கு ஓடிவிட்டார்.

பள்ளிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மேலே மகளுடைய ஆபீஸ் கோட்டு, கீழே வாத்து. நின்ற பிறகுதான் கீழ்ப்பாதி ஞாபகம் வந்தது. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு நீ வந்தாய். "இங்கே இருட்டிவிட்டது, அங்கே உங்களுக்குக் காலை வணக்கம்" என்று ஆரம்பித்தாய். பின்னால் திரை, பக்கத்தில் மேசை விளக்கு, என்ன ஒரு மிடுக்கு! குடிக்கத் தண்ணீர் இல்லாத ஜனங்களுக்கு எப்படித் தண்ணீர் கொண்டுபோவது என்று சொன்னாய். எனக்குப் பாதிதான் புரிந்தது, கைதட்டினது முழுசுக்கும். "இவ சின்ன வயசுல குளிக்கவே மாட்டா" என்று மகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் குரல் கேட்டது.

"பழைய இரும்பு, பழைய பேப்பர், ஓடாத ஃபேன், உடைஞ்ச நாற்காலி…" மாமா வண்டியில் ஓடுகிற, நான் பேசிப் பதிந்த அதே அறிவிப்பு. மாமா நம் தெருவுக்கே திரும்பி வந்துவிட்டார், என் மைக் திறந்திருக்கிறது, மானம் போயிற்று என்று பதறினேன். "யாருடைய மைக்கோ திறந்திருக்கிறது, மூடவும்" என்றார் தலைவர். மகள் பார்த்துவிட்டு, "நம்ம மைக் மூடித்தாம்மா இருக்கு" என்றாள். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. வண்டி இல்லை.

நடுவில் அந்தத் தும்மலும் வந்தது. பதியும்போது எனக்கு வந்த தும்மல். "இருக்கட்டும், ஜனங்க சிரிச்சுக்கிட்டே சாமானைக் கொண்டுவருவாங்க" என்று மாமா விட்டுவைத்தது. தும்மலோடு ஓடுகிற பழைய இரும்பு வண்டி இந்த உலகத்தில் ஒன்றுதான். யாரிடமிருந்து சத்தம் வருகிறதோ அவர் படத்தைச் சுற்றி ஒரு கோடு ஒளிருமே, தும்மல் வந்தபோது அது உன் படத்தைச் சுற்றித்தான் ஒளிர்ந்தது. நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். அடுத்த நொடி உன் படமே அணைந்துபோயிற்று.

மத்தியானம் சாப்பிட வந்த மாமாவிடம், "காலையில எந்தப் பக்கம் போனீங்க?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமைதானே, எல்லாரும் வீட்ல இருப்பாங்கன்னு மூக்குக்கண்ணாடிக் கடைத் தெருவுக்குப் போனேன். ஒரு இரும்புக் கட்டில் கிடைச்சுது" என்றார். அந்தத் தெரு நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். கையில் டீயோடு கிளம்பினால் ஆறுவதற்குள் போய்விடலாம்.

அந்த வண்டி மேட்டுத்தெருவே ஏறாது, கடலையா தாண்டியிருக்கும்? சிரித்துக்கொண்டேதான் கேட்கிறேன், நீயும் சிரித்துக்கொண்டே பதில் சொல். நீ எங்கே இருக்கிறாய்?

உன் அக்கா
(மறுசுழற்சி நிபுணர்)


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன். வாத்து நைட்டி ரொம்ப அழகு.

இணையவழிக் கூட்டங்களில் ஒருவருடைய ஒலி இன்னொருவரிடமிருந்து வருவதுபோலத் தோன்றுவது சகஜம். நம் ஊரிலிருந்தும் நிறையப் பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் யார் வீட்டு ஜன்னல் வழியாகவாவது மாமாவின் வண்டிச் சத்தம் வந்திருக்கும். இணைப்பு சரியில்லாததால்தான் நானும் வெளியேற வேண்டியதாயிற்று.

அப்பா போனதிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று நினைக்கிறேன். மனம் களைத்துப்போனால் எதையாவது கேட்கும், எதையாவது நினைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே குளிர் இன்னும் குறையவில்லை. அடுத்த வாரம் வேலை விஷயமாகப் பயணம், போன் எடுக்காவிட்டால் கவலைப்படாதே.

அன்புடன்,
உன் ஊசி


மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

ஊசி என்று எழுதக் கை வரவில்லை.

உன் பதிலைப் பார்த்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. "ஏதோ மிஷின் கோளாறாம்" என்று மாமாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். நீ அப்பா பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். எனக்குத் தூக்கம் இல்லை, காது சரியில்லை என்று எழுதினாயே, அதைப் பாத்திரம் கழுவும்போது நினைத்தேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். மகள் வந்து குழாயை மூடினாள்.

டிசம்பரில், அப்பா போன அன்று, நீ எங்கே இருந்தாய்?

"டிக்கெட் கிடைக்கலக்கா, நான் என்ன பண்ணுவேன்" என்று போனில் கதறினாய். எனக்கு உன்னை நினைத்துத்தான் அழுகை வந்தது. அப்பாவுக்காக அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். "நாங்க இத்தனை பேர் இருக்கோம், அவ அங்க ஒத்தையில கெடக்கா" என்று வந்தவர்களிடமெல்லாம் உனக்காகப் பரிந்து பேசினேன். அப்பாவை எடுக்கும்வரை வீடியோ கால் போட்ட போனை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன், நீ பார்க்க வேண்டுமே என்று. கை மரத்துப்போனது. மாமா வாங்கிக்கொள்கிறேன் என்றார், கொடுக்கவில்லை. கடைசியாக அப்பா முகத்தைத் தடவினேனே, அதையும் ஒரு கையால்தான் தடவினேன். இன்னொரு கையில் நீ இருந்தாய்.

ஊரே என்னைக் கேலிக்காரி என்கிறது. மூன்று நாளாக ஒரு கேலியும் வாயில் வரவில்லை. கடைக்கு வந்தவன், "என்னக்கா, இன்னிக்கு என் தொப்பையைப் பத்தி ஒண்ணுமே சொல்லல?" என்று பயந்துபோய்க் கேட்கிறான். மாமா காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

மூக்குக்கண்ணாடிக் கடைத் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்ட என்னால் முடியும். என்னை அப்படிச் செய்ய வைக்காதே. மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவளுக்குப் புரிகிற மாதிரி, நீயே சொல்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறேன். அக்டோபரிலிருந்து.

செப்டம்பரில் வேலை போய்விட்டது. நாங்கள் செய்துகொண்டிருந்த தண்ணீர்த் திட்டத்தையே மூடிவிட்டார்கள். வேலை இல்லாமல் அந்த நாட்டில் தங்க முடியாது. வீட்டுக்கு வரத்தான் விமானம் ஏறினேன். இறங்கினதும் உனக்குத்தான் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நம்ம தெருவுல ஒருத்தி என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பினாடி. என் தங்கச்சி எங்க இருக்கா தெரியுமான்னு ஒரே கேள்விதான் கேட்டேன், வாயடைச்சுப் போயிட்டா" என்று சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. வேறு வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓர் அறை எடுத்தேன். வேலை கிடைக்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் பிறகு தினமும் அதற்குச் சோறு போட வேண்டியிருக்கிறது.

ஏன் இத்தனை பக்கத்தில் என்று கேட்பாய். வேறு ஊருக்குப் போயிருக்கலாம். இங்கே ஜன்னலைத் திறந்தால் தினமும் உன் குரல் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மாமா வரமாட்டார் என்று நினைத்துத் திரையை மட்டும் இழுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

அப்பா போன அன்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். செய்தி சொன்ன உடனே வந்து நின்றால், எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்களே. நாளைக்குப் போனால் விமானத்தில் வந்ததாகச் சொல்லலாம் என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே எடுத்துவிடுவீர்கள் என்று நினைக்கவில்லை. தெரிந்ததும் ஓடிவந்தேன். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, நம் வீட்டுக்கு எதிரே மருந்துக்கடை வாசலில் நின்றேன். என் பக்கத்துக் கேமராவை மூடிவைத்திருந்தேன். கையிலிருந்த போனில் அப்பா முகம் பக்கத்தில் தெரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் நீ கையைத் தூக்கியபடி நிற்பதும் தெரிந்தது. ஒரு சாலைதான் அக்கா. நான் கடக்கவில்லை.

உன் காதைக் குறை சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். மாநாடு முடிந்ததும் படிக்கிற பெண்கள் பலர், உங்களைப்போல ஆக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் போடவில்லை.

வராதே என்றால் வரமாட்டேன்.

தங்கை


மார்ச் 20

ஊசி,

இவ்வளவு பக்கத்தில் இருப்பவளுக்கு எதற்குப் போன்? இதை நேரே கொண்டுவந்து கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகப்போகிறேன். தட்டமாட்டேன். இப்போது உன் முகத்தைப் பார்த்தால் அறைந்துவிடுவேன், இல்லாவிட்டால் கட்டிக்கொள்வேன். எது என்று எனக்கே தெரியவில்லை.

வேலை போனதை மறைத்தாய், போகட்டும். அதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. உன்னைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவள் நான்தான். ஆனால் மருந்துக்கடை வாசலில் நின்றாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. பாவி, கடைசி வாரம் முழுக்க அப்பா உன்னைத்தானே கேட்டார்? "சின்னவ சாப்பிட்டாளா? அங்க இப்ப ராத்திரியா பகலா?" என்று. "ராத்திரிப்பா, தூங்கிட்டிருப்பா" என்று நான் சொல்லுவேன். நீ இங்கே பட்டப்பகலில் உட்கார்ந்திருந்திருக்கிறாய். எனக்கே தெரியாமல் அப்பாவிடம் நானும் பொய் சொல்லியிருக்கிறேன்.

மாமாவிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன். "அந்தத் தெருவுல தினம் வண்டியை நிறுத்துறேன், ஒரு நாள்கூடக் கண்ணுல படலையே" என்பதையே மாமா திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். மகள் உன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். சாயங்காலம் அவளே திரும்ப மாட்டினாள்.

முதலில், "என் வாசல்படியை மிதிக்காதே" என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அது உனக்குச் சுலபம். வராமல் இருப்பதில்தான் நீ நன்றாகத் தேறிவிட்டாயே. கிழித்துப் போட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. வெயிலில் வா. முகத்தை மூடாமல், மருந்துக்கடையைத் தாண்டி, அந்தச் சாலையைக் கடந்து, முன்வாசல் வழியாக வா. "எப்ப வந்தே?" என்று யார் கேட்டாலும், "அக்டோபர்ல" என்று உன் வாயால் நீயே சொல். உனக்காக நான் இனி ஒரு பொய்யும் சொல்லமாட்டேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. இல்லை. உன்னோடு பேசுவேனா என்பதும் தெரியாது. சாப்பாடு போடுவேன். தட்டில் போட்டதை முடிக்கும்வரை எழுந்து ஓடக்கூடாது. நீ வராவிட்டால், என் தங்கை வெளிநாட்டில்தான் இருக்கிறாள் என்று நானும் வைத்துக்கொள்வேன். சாகும்வரை அப்படியே வைத்துக்கொள்வேன்.

அக்கா

பி.கு.: மேலே உள்ளதைக் கதவடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். அது உன் கதவு இல்லை, எதிர்வீட்டுக் கதவு. அங்கே ஒருவர் தனியாக இருக்கிறார். முழுவதும் படித்துவிட்டு, தெருமுனைவரை ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார். தான் அப்படி எதுவும் செய்யவில்லை என்றும், தனக்கு அக்காவே கிடையாது என்றும் சொன்னார். அதனால் வழக்கம்போலப் படம் பிடித்தே அனுப்புகிறேன். சாப்பிட வரச்சொல்லி எழுதியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை அவரும் வருகிறார். காரம் ஆகாதாம்.