பக்கத்தைப் பாரமாக்கிய படம்

ஓம், இணையத்தளத்தில் இருந்து உன் படத்தை எடுத்தது நான்தான் கோசிகா. எடுக்கச் சொன்னவர்கள் வேறு. நீயும் பெனடிக்ற்றும் மெல்பேர்ணில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்குக் குறையில்லை. புத்திக்குத்தான். ஈமெயிலில் எழுத முடியாது, எனக்கும் அப்பாவுக்கும் ஒரே முகவரி.

அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபது. மண்டபம் பிடித்தாயிற்று. மணவறையில் இருந்து எனக்கு இரண்டாம் முறை தாலி கட்டுவாராம். அதை உலகத்துக்கு அறிவிக்க ஓர் இணையத்தளம். நான் ஹரோவில் மாலை வகுப்பில் அதைத்தானே படிக்கிறேன், அதனால் வேலை என் தலையில். முகப்பில் அப்பா, கோட் போட்டு, காரின் மேல் கை வைத்து, கமராவில் இருந்து இறக்கியபடியே, சுருக்காமல், சுவர் அளவுக்கு. பின்னால் நாதஸ்வரம். மேலிருந்து பூ கொட்டும். எல்லாம் அவர் கேட்டவை. கடைசியில் குடும்பப் படங்களுக்கு நடுவே நீங்கள் இருவரும், பதிவுத் திருமணத்தன்று, தபால் முத்திரை அளவில். அது நான் வைத்தது. பக்கம் திறக்கவில்லை. வால்தம்ஸ்டோவில் இருந்து அருட்பிரகாசம் சித்தப்பா போன் எடுத்து, அண்ணி, நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டன், அண்ணையின்ரை தலைமயிர் மட்டுந்தான் வந்து நிக்குது என்றார். நல்ல பகிடி. அதோடு வைத்திருக்கலாம். அந்தப் பிள்ளையின்ரை படந்தான் பாரம் போல, எடுத்துப் பாருங்கோ என்றார். அப்பாவும் உடனே, ஓம் ஓம், அதுதான் பாரம் என்றார். சித்தப்பா பாரிசில் இருந்து வந்து கடை போட்டவர், அப்பா எஞ்சினியர்; முத்திரை அளவுப் படம் பாரமாகாது என்று இருவருக்கும் தெரியும். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெடியனைக் கட்டியவளைச் சனம் பார்க்கக் கூடாது என்று நேரே சொல்லியிருந்தால் வெறுத்திருப்பேன், கொஞ்சம் மதித்தும் இருப்பேன். கம்பியூட்டருக்குப் பின்னால் ஒளிகிறார்கள்.

எடுத்தேன். அவர்களுக்குக் காட்டத்தான். அந்த நேரம் பார்த்து நீ திறந்திருக்கிறாய். பக்கம் அதே மந்தத்தில் கிடந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பரவாயில்லை, இப்பதான் வடிவாக் கிடக்குது என்றார். இனி இவரிடம் எதையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. அது நிம்மதியாக இருந்தது. பிறகு என் ஆசிரியை கத்தரின் சொல்லித் தந்ததைச் செய்தேன். அப்பாவின் படத்தைச் சுருக்கினேன். நாதஸ்வரத்தை நிறுத்தினேன். பூவையும். உன் படத்தைத் திரும்ப வைத்தேன். தொட்டதும் பக்கம் திறந்தது. இந்த வீட்டில் கொண்டாட ஏதாவது இருந்தால் அதுதான், ஒருவரும் கொண்டாடவில்லை. அப்பா பார்த்தார். வேகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் படம் கிடந்தா நான் மணவறையில இருக்க மாட்டன் என்றார். படத்தை எடுத்தா நான் இருக்க மாட்டன், தாலியை உங்கட தம்பிக்குக் கட்டுங்கோ என்றேன். அன்றிலிருந்து பேச்சில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வேண்டும்.

விழாவுக்கு வருவதென்றால் பெனடிக்ற்றோடு வா. தனியே வராதே. அம்மாவுக்காக என்று விட்டுக்கொடுக்காதே, நான் நிறைய விட்டுக்கொடுத்து அதன் ருசி அறிந்தவள். ஒருவரை ஒருவர் சிறுமைப்படுத்தாமல் நெடுங்காலம் வாழுங்கள். இரும்புச்சத்துக் குளிசையை விழுங்க மறக்காதே.

அன்புடன் அம்மா
யோகமலர்
ரெய்னர்ஸ் லேன், ஒக்ரோபர் 2009

கையெழுத்துப் போட்டபின் கீழே போனேன். அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கும் தெரிந்திருந்த தளக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வந்தேன்.